வலது முழங்கால்

கார்பின் எஸ்கலண்டைக் கீலர் மாநிலப் பல்கலைக்கழகம் வெளியே அனுப்பியபோது யாரும் அவனிடம் கோபமாகப் பேசவில்லை. புதிதாக வந்த தலைமைக் கோச் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து, "இங்க இனிமே உனக்கு ஆட வாய்ப்பு வராதுப்பா, வேற இடம் பாத்துக்கோ" என்றாராம். இரண்டு வருடம் அந்த அமெரிக்க ஃபுட்பால் அணியின் கடைசிக் காவலாக நின்றவன் அவன். எதிரணிக்காரன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்ற எல்லாரையும் தாண்டி வந்துவிட்டால், மறித்துக் கீழே தள்ள மிச்சமிருக்கும் ஒரே ஆள். அந்த இடத்துக்குப் புதுக் கோச் தன்னோடு வேறொருவனைக் கூட்டி வந்திருந்தார்.

அப்படித்தான் அவன் எங்கள் ஹேவர்லி கல்லூரிக்கு வந்தான். நாங்கள் ஒரு படி கீழேயுள்ள பிரிவில் ஆடுகிறவர்கள். கீலரின் மைதானத்தில் எங்கள் ஊர் மொத்தத்தையும் கொண்டுபோய் உட்கார வைத்தால் ஒரு மூலைக்குக் காணாது. எங்கள் மைதானத்தில் பந்தை ஓங்கி உதைத்தால் சோளக் காட்டில் போய்த் தேட வேண்டும். என் பெயர் வெர்லின் ஹாக். ஊர் வானொலியில் காலையில் தானிய விலையும் மரண அறிவிப்பும் வாசிப்பேன். சனிக்கிழமைகளில் ஹேவர்லியின் ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்வேன். கார்பினைக் கொஞ்சம் நன்றாகவே தெரியும். அவனுக்குக் கார் கிடையாது. பயிற்சி முடிந்தால் பெரும்பாலும் என் வண்டியில்தான் வீட்டுக்குப் போவான். வழி நெடுகச் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு வருவானே தவிர, பேச மாட்டான்.

அவன் வந்த அடுத்த இலையுதிர் காலத்தில் எங்களுக்குக் கீலரோடு ஆட்டம் அமைந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் எங்களைப் போன்ற ஒரு கல்லூரியை வருடத்துக்கு ஒருமுறை அழைப்பது வழக்கம்தான். சொந்த ஜனத்தின் முன்னால் சுலபமாக ஒரு வெற்றி அவர்களுக்கு. எங்களுக்கு ஒரு காசோலை. அதை வைத்துத்தான் எங்கள் நீச்சல் அணியும் பெண்களின் கைப்பந்து அணியும் பிழைத்துக் கிடந்தன. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

"நாம பலியாடு. மாலை மட்டும் கொஞ்சம் பெரிசு," என்றான் லைல் வாவ்ரா. முன்வரிசையில் நின்று முட்டுக் கொடுக்கிறவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, மாட்டுப் பண்ணைக்காரர் வீட்டுப் பையன். கல்லூரியில் அவனுக்கு அதுதான் கடைசி வருடம். எல்லோரும் சிரித்தார்கள். கார்பின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அது. கல்லூரி உணவுக்கூடத்தில் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும். பேட்டி எடுக்கலாமென்று நானும் போயிருந்தேன். எங்கள் கோச் க்ளென் ஒடகார்ட் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கார்பினுக்கு எதிரில் உட்கார்ந்தார். கீலர் அணியின் பலமே பந்தை ஏந்தி ஓடும் மார்க்கீஸ் டாலிவர்தான். கார்பின் கீலரில் இருந்த இரண்டு வருடமும் அந்த மார்க்கீஸும் அவனும் ஒரே அறை.

"ரெண்டு வருஷம் கூடவே இருந்திருக்க. அவன நிறுத்த வழி சொல்லு," என்றார் கோச்.

"இடது பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி தோள லேசா இறக்குவான், கோச். களைச்சுப் போனா பந்த உடம்ப விட்டுத் தள்ளிப் பிடிப்பான். தட்டிவிடலாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல, கோச்."

"இடது முழங்கால்ல கட்டு போட்டுட்டு ஆடறானே. அங்க ஏதாவது தொந்தரவா?"

"தெரியல, கோச்."

ஒடகார்ட் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "காலை ஒடைங்கன்னு நான் சொல்லல. அந்த மாதிரி ஆள் நானில்ல. ஆனா அவன் காளை மாட்டு உடம்பு. மேல போய்க் கட்டிப் புடிச்சீங்கன்னா உங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுவான். கீழ போங்க. தொடைக்குக் கீழ. அவன நிறுத்த அது ஒண்ணுதான் வழி."

கார்பின் தலையாட்டினான்.

அவன் எதை விழுங்கிவிட்டுத் தலையாட்டினான் என்பது எனக்குப் பல வாரங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, மார்க்கீஸ் அவனைப் போனில் கூப்பிட்டிருக்கிறான். கட்டு போட்டிருந்த இடது கால் நன்றாகத்தான் இருந்தது. வலது முழங்காலில்தான் உள்ளே நார் பாதி கிழிந்திருந்தது. வேறு ஊரில் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். எதிராளிகள் கட்டு போட்ட காலையே குறி வைப்பார்கள் அல்லவா, அதற்காக நல்ல காலில் கட்டு.

"கோச்சுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறான் கார்பின்.

"தெரிஞ்சா உக்கார வெச்சிருவாரு. அப்புறம் என் எடத்துல இன்னொருத்தன். ஏப்ரல்ல தொழில்முறை அணிக்காரங்க ஆள் எடுக்கறப்ப என் பேரே இருக்காது. உனக்குத் தெரியாததா? உன்னத் தொரத்தின ஆளுதானே?"

"அப்ப ஏண்டா எங்கிட்ட சொல்ற? வர்ற சனிக்கிழமை உனக்கு எதிர்ல நிக்கப் போறதே நான்தான்."

"வேற யார்கிட்டடா சொல்ல?" என்று சிரித்திருக்கிறான் மார்க்கீஸ். "ஓவராப் பதறாத. உங்க சோளக்கொல்லை டீமுக்கு எதிரா ஒரு மணி நேரம் ஆடுவேன். நாப்பது பாயிண்ட் வந்ததும் உக்காந்துருவேன்."

அவன் சொன்னது நியாயமான கணக்குத்தான். இடைவேளைக்குள் நாற்பது புள்ளி எடுக்கிறவர்கள்தான் அவர்கள்.

சனிக்கிழமை வெயில் வெண்மையாக அடித்தது. கீலரின் மைதானம் முழுக்கச் சிவப்புச் சட்டை. எங்கள் பஸ்ஸிலிருந்து பையன்கள் இறங்கும்போது ஒரு கிழவர் வாசலில் நின்று ஒவ்வொருவனிடமும் மரியாதையாக, "வந்ததுக்கு நன்றி தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏளனமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது எனக்கு.

உள்ளே ஏளனத்துக்குக் குறைவில்லை. முதல் மோதலுக்காக இரண்டு வரிசையும் எதிரெதிரே குனிந்தபோது கீலர்க்காரன் ஒருவன் லைலைப் பார்த்து, "பஸ்ல வந்தீங்களா, டிராக்டர்லயா?" என்றானாம்.

"டிராக்டர்லதான். போறப்ப உங்க மைதானத்த உழுதுட்டுப் போலாம்னு," என்றிருக்கிறான் லைல்.

கொஞ்சம் உழத்தான் செய்தான். கீலர்க்காரர்கள் பாதி மனதோடு ஆடினார்கள். எங்கள் பையன்களுக்கு வேறு மனதே இல்லை. மார்க்கீஸ் முதல் பாதியில் சில ஓட்டங்கள் ஓடினான். எங்கள் ஆட்கள் மறுபடி மறுபடி கட்டு போட்ட இடது காலைப் போய்ப் பற்றினார்கள், அவன் உதறிவிட்டு எழுந்தான். இடைவேளைக்குப் பிறகு, எப்படியும் ஜெயிப்போம் என்ற தெம்பில் அவனை ஓரத்தில் உட்கார வைத்து, இளைய பையன் ஒருவனை ஓட விட்டார்கள். அவன் பந்தைத் தவறவிட்டான். லைல் அதன் மேல் ஒரு மாடு படுப்பதுபோல் விழுந்து படுத்துக்கொண்டான். அடுத்த சில நிமிடங்களில் நாங்கள் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம்.

அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் ஏற்பட்ட அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய கூட்டம் வாயடைத்து நிற்க, ஒரு மூலையில் எங்கள் ஊரார் போடும் கூச்சல் மட்டும் சின்னதாகக் கேட்டது. ஊரில் அறுவடை இயந்திரங்களைப் பாதி வயலில் நிறுத்திவிட்டு ஆட்கள் வானொலி கேட்டார்கள் என்று பின்னால் சொன்னார்கள்.

கடைசி நிமிடங்களில் பந்து கீலர் கையில். நான்கு புள்ளி வித்தியாசம் என்பதால் உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி அவர்களுக்குப் போதாது. பந்தைச் சுமந்துகொண்டு எங்கள் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். அவர்களுடைய கோச் ஓரத்தைப் பார்த்துக் கை காட்டினார். மார்க்கீஸ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தான்.

எட்டு கெஜம், ஆறு கெஜம், பதினொன்று என்று அவன் எங்களைப் பிளந்துகொண்டு வந்தான். ஒவ்வொரு முறையும் எழுந்திருக்க முந்தைய முறையைவிட நேரமாயிற்று. அதை நான் களைப்பு என்றுதான் வானொலியில் சொன்னேன். பிறகு வலதுபுறம் ஒரு திறப்பு விழுந்தது. மார்க்கீஸ் அதில் புகுந்தான். அவனுக்கும் கோட்டுக்கும் நடுவில் யாரும் இல்லை, கார்பின் தவிர.

கார்பின் நின்ற இடத்திலிருந்து நேரே அவன் மேல் ஓடினான். கோட்டுக்கு இரண்டு கெஜம் முன்னால் இருவரும் சந்தித்தார்கள். கீழே போயிருந்தால் விதிப்படி அதில் குற்றம் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை சொல்லித் தந்ததும் அதுதான். ஹேவர்லி ஜெயித்திருக்கும்.

கார்பின் மேலே போனான். நெஞ்சில் மோதி, இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டான். மார்க்கீஸ் அவனையும் சுமந்துகொண்டே சாய்ந்தான். இருவரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தார்கள்.

"மேல போயிட்டான்! ஏன் மேல போனான்?" என்று நான் கத்தினேன். வர்ணனைக்காரன் வாயில் அந்த நேரத்துக்கு வருகிறது வரும். அந்த வார்த்தைகளை நாடெங்கும் தொலைக்காட்சிகளில் போட்டுக் காட்டினார்கள். 

கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. கார்பின் எழுந்தான். மார்க்கீஸ் எழவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத பக்கம் போயிருந்தது. கார்பின் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, கீலர் மருத்துவர்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். ஆர்ப்பரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. மீதியிருந்த ஆட்டத்தை இரண்டு அணியும் ஏனோதானோவென்று ஆடி முடித்தன. கீலர் ஜெயித்தது.

பஸ் கிளம்பத் தாமதமானது. கார்பின் மைதானத்துக்கு அடியிலுள்ள சிகிச்சை அறைக்குப் போயிருந்தான். வாசலில் இருந்த உதவியாளர் அவனுடைய கீலர் நாட்களிலேயே அங்கு இருந்தவர், தடுக்கவில்லை. உள்ளே மார்க்கீஸ் காலில் பனிக்கட்டிப் பைகளோடு படுத்திருந்தான். அங்கே நடந்த பேச்சைக் கார்பின் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"வந்துட்டியா," என்றான் மார்க்கீஸ்.

"வலிக்குதா?"

"ஊசி போட்டிருக்காங்க. யாரு காலோ மாதிரி இருக்கு."

"டேய், நான் வேணும்னு..."

"நீ ஏண்டா மேல வந்த?"

கார்பினுக்கு, இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று இருந்ததாம்.

"நான் தயாரா இருந்தேண்டா," என்றான் மார்க்கீஸ். "நீ கீழதான் வருவ, அந்தக் காலுக்குத்தான் வருவன்னு தெரியும். உன்னத் தாண்டிக் குதிக்கறதுக்கு வலது கால ஊனிட்டேன். அப்பப் பாத்து நீ நெஞ்சுல வந்து மோதற. ரெண்டு பேர் பாரமும் அந்த ஒத்தக் கால் மேல."

"அந்தக் காலுக்கு நான் வருவேன்னு நெனச்சியா?"

மார்க்கீஸ் கூரையைப் பார்த்தான். "ஆட்டம்டா இது. நானா இருந்தா வந்திருப்பேன்."

"எங்கிட்ட மட்டும்தானேடா சொன்ன."

"அதான். மத்தவன் எல்லாம் கட்டு போட்ட காலுக்கு வந்தான். எனக்கு அந்த மைதானத்துல பயம் இருந்ததே உன் ஒருத்தன் மேலதான்."

"பின்ன எதுக்கு சொன்ன?"

"போன வெச்ச அடுத்த நிமிஷமே எதுக்குச் சொன்னோம்னு இருந்துச்சு," என்றான் மார்க்கீஸ். பிறகு பனிக்கட்டிப் பையைச் சரிசெய்துகொண்டு, "போடா, உன் பஸ் நிக்குது," என்றான். திட்டாமல் சாதாரணமாகத்தான் சொன்னானாம்.

மறுநாள் பிற்பகல் எங்கள் பையன்கள் உட்கார்ந்து ஆட்டத்தின் பதிவைப் பார்த்தார்கள். அந்தக் கடைசி ஓட்டத்தை ஒடகார்ட் ஒருமுறை போட்டார். திரும்ப ஒருமுறை மெதுவாகப் போட்டார். கார்பின் ஓடி வருகிறான்; தோள் தாழ்கிறது, கீழே போகப் போகிறான் என்று பார்க்கிற எவருக்கும் தோன்றும்; சட்டென்று நிமிர்ந்து மேலே போகிறான்.

"ரெண்டு கெஜம்டா," என்றான் லைல். அவன் குரலில் கோபம் இல்லை. "ரெண்டே கெஜம். நாலு வருஷமா இங்க நான் முட்டிக்கிட்டுக் கெடக்கறேன். எம் புள்ளைங்க கிட்ட சொல்றதுக்கு ஒண்ணு கெடச்சிருக்கும். ஏண்டா?"

"தப்பு என்னோடதுதான்," என்றான் கார்பின்.

"தப்புன்னு எங்களுக்கும் தெரியுது. ஏன்னுதான் கேக்கறேன்."

கார்பின் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் காலைப் பற்றி வாயைத் திறந்தால், நோவை மறைத்துக்கொண்டு ஆடினான் என்பது கீலர் வரை போகும். மார்க்கீஸுக்குக் கீலர் கொடுக்கும் மருத்துவச் செலவே கேள்விக்கு உள்ளாகும் என்று பயந்தான். ஒடகார்ட் திரையை அணைத்தார். "போதும். அடுத்த வாரம் வேற ஆட்டம் இருக்கு."

பிறகு ஊரில் இரண்டு பேச்சு கிளம்பியது. தானியக் கிடங்கில் எடைக்கு நிற்கிறவர்கள், பழைய கல்லூரி மேல் உள்ள பாசத்தில் விட்டுக்கொடுத்துவிட்டான் என்றார்கள். கீலர் பக்கத்து ஆட்கள், துரத்திவிட்ட ஆத்திரத்தில் வேண்டுமென்றே காலை முறித்துவிட்டான் என்றார்கள். ஒன்று உண்மையானால் மற்றது உண்மையாக முடியாது. ஆனாலும் இரண்டையும் ஒரே வாயால் சொன்ன ஆட்களை நானே பார்த்தேன். சிற்றுண்டிக் கடையில் ஒருவர் என்னிடமே, "நீங்களே கேட்டீங்களே வெர்லின், ஏன் மேல போனான்னு," என்றார்.

கார்பின் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தான், ஒழுங்காக ஆடினான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. தலைக்கவசத்தால் முட்டுவது, குளிக்கும்போது துண்டை ஒளித்து வைப்பது, சாப்பாட்டுத் தட்டிலிருந்து பிடுங்கித் தின்பது எல்லாம் நின்றுபோயிற்று. லைல்கூட அவனிடம் "கொஞ்சம் உப்ப எடுத்துத் தரீங்களா" என்று பேச ஆரம்பித்தான்.

நவம்பரில், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். பனி தூறிக்கொண்டிருந்தது, சோளம் அறுத்த கட்டைகள் வெள்ளையில் முளைத்து நின்றன. எதிரணிச் சின்னப் பையன் ஒருவன் பந்தோடு தப்பித்து ஓடி வந்தான். கார்பின் கீழே போனான். பாடப் புத்தகத்தில் படம் போடலாம்போல் சுத்தமான மறிப்பு. பையன் விழுந்தான். கார்பின் எழுந்து, விளையாட்டு அங்கே இன்னும் நடக்கிறது என்பதையே மறந்தவன்போல, அந்தப் பையனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பையன் துள்ளி எழுந்து, "என்ன பாக்கற?" என்று அவன் மார்பில் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனான்.

கார்பின் நேராக ஓரத்துக்கு நடந்து வந்து, "கோச், என்ன வெளிய எடுத்துருங்க," என்றான்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல, கோச்."

ஒடகார்ட் அவன் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் இன்னொருவனை உள்ளே அனுப்பினார். கார்பின் போர்வையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

அன்று என் வண்டியில் வரும்போதுதான் இதையெல்லாம் சொன்னான். கண்ணாடி துடைப்பான் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் அவன் இறங்கவில்லை.

"அவன் கால நான்தான் ஒடச்சேன்னு எனக்கு அவ்ளோ பெரிய வருத்தம் இல்ல, வெர்லின் சார். ஆட்டத்துல ஒடையறதுதான்," என்றான். "ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம். நான் யாருன்னு அவனுக்குத் தெரியல பாருங்க."

"பயத்துல சொல்லியிருப்பான்பா. படுத்துக் கெடக்கறவன்."

"இல்ல. நெதானமாத்தான் சொன்னான்." கதவைத் திறந்தான். "என்ன ஒண்ணு, அவன் எடத்துல நான் இருந்து, அவன் எதிர்ல நின்னா, அவன் கீழ வருவான்னு எனக்கும் தோணியிருக்குமான்னு யோசிச்சுப் பாக்கறேன். தோணியிருக்காது."

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு கார்பின் கல்லூரிக்குத் திரும்பவில்லை. மார்க்கீஸுக்கு இரண்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். ஏப்ரல் வந்தது, போனது. அவன் பெயரை யாரும் கூப்பிடவில்லை. கான்சாஸ் சிட்டியில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலையில் இருப்பதாகக் கேள்வி. அடுத்த இலையுதிர் காலத்தில் வேறொரு பெரிய பல்கலைக்கழகம் எங்களை அழைத்தது. போனோம். இடைவேளைக்குள் நாற்பத்தைந்து புள்ளி கொடுத்தோம். மீதி நேரத்துக்கு நான் வானொலியில் மழையைப் பற்றியும் தானிய விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன்.

கார்பினை அதற்கப்புறம் ஒரே ஒரு முறை பார்த்தேன், நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில். மேற்கே காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுதுபார்க்கும் வேலை. கைகள் தடித்துப் போயிருந்தன. அவனாகவே என்னிடம் வந்து கை கொடுத்தான். அவன் அம்மாவின் உடம்பு, லைலின் பண்ணை, இந்த வருட விளைச்சல் என்று பேசினோம்.

"மார்க்கீஸ் பேசினானா?" என்று கேட்டுவிட்டேன்.

"பேசல. அவனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. படம் அனுப்பியிருந்தான். தெரிஞ்சவங்க எல்லாருக்கும் ஒண்ணா அனுப்பினது. அதுல என் நம்பரும் இருந்துச்சு போல."

"பதில் போட்டியா?"

"பாப்பா அழகா இருக்கான்னு போட்டேன்." எரிபொருள் குழாயைத் திரும்ப மாட்டினான். "அவன் அதுக்கு எனக்கு மட்டும் நன்றின்னு ஒண்ணு போட்டான். அப்புறம் ரொம்ப நேரம் அவன் ஏதோ எழுதிக்கிட்டு இருக்கான்னு காட்டிச்சு. ஆனா ஒண்ணும் வரல."

சாலையில் லாரி ஒன்று போயிற்று. பிறகு அவன் வண்டியில் ஏறி, எனக்குக் கை காட்டிவிட்டு மேற்கே போனான்.